எண்ணுக்குப் பட்டா உண்டா?

கசிந்த மறையாக்கச் சாவியை வெளியிடுவதைப் பதிப்புரிமைச் சட்டத்தால் தடுக்க முடியுமா? டிவிடி முதல் கால்குலேட்டர் வரை நீளும் ஒரு வழக்கு வரலாறு

2007 மே 1, செவ்வாய்க்கிழமை. சான் பிரான்சிஸ்கோவில் இயங்கிவந்த ‘டிக்’ என்ற செய்திப் பகிர்வுத் தளத்தில் அன்று ஒரே ஓர் எண்தான் செய்தி. ‘09 எஃப்9’ என்று தொடங்கும் அந்த எண்ணை, இலக்கமும் எழுத்துமாக 32 குறிகளில் எழுதி முடித்துவிடலாம். நிர்வாகம் அதை அழித்தது. வாசகர்கள் திரும்பப் போட்டார்கள். போட்டவர்களின் கணக்குகளை முடக்கினார்கள். வேறு வாசகர்கள் போட்டார்கள். இரவுக்குள் முதல் பக்கத்தை அந்த எண்ணே பிடித்துக்கொண்டது. நிறுவனர்களில் ஒருவரான கெவின் ரோஸ் அன்றிரவே பணிந்தார். இனி அழிப்பதில்லை, வழக்கு வந்தால் சந்திக்கிறோம் என்று வாசகர்களுக்கு அறிவித்தார்.

அந்த எண் ஒரு சாவி. அப்போது புதிதாக வந்திருந்த எச்டி டிவிடி வட்டுகளில் படங்கள் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தன. உரிமம் பெற்ற பிளேயருக்குள் இருக்கும் சாவிகளும், வட்டில் பதிந்திருக்கும் ஒரு தரவுத் தொகுதியும் சேர்ந்தால்தான் படம் ஓடும். ஏஏசிஎஸ் என்ற இந்த ஏற்பாட்டை டிஸ்னி, வார்னர் பிரதர்ஸ், சோனி, தோஷிபா, மாட்சுஷிடா, ஐபிஎம், இன்டெல், மைக்ரோசாஃப்ட் ஆகிய எட்டு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கியிருந்தன. அதில் ஒரு பலவீனம் பிறவியிலேயே இருந்தது. கணினியில் படம் ஓட வேண்டுமானால், மறையை அவிழ்க்கும் சாவி அந்தக் கணினியின் நினைவகத்துக்கு ஒரு கணமாவது வந்தே தீர வேண்டும். அங்கே காத்திருந்து பிடித்தார்கள். 2007 பிப்ரவரியில் சிக்கிய 128 பிட் எண் ஏதோ ஒரு படத்துக்கான சாவியோடு நிற்கவில்லை. அதுவரை சந்தைக்கு வந்திருந்த வட்டுகளுக்கெல்லாம் பொதுவான இடைநிலைச் சாவியாக இருந்தது.

ஏப்ரலில் வக்கீல் நோட்டீஸ்கள் பறந்தன. கூகுளுக்கும் ஒன்று போயிற்று. எண்ணை நீக்கு, அதற்கான இணைப்பை நீக்கு என்பது கோரிக்கை. மிரட்டல் வெளியே தெரிந்த பிறகுதான் மக்கள் கொதித்தார்கள். எண்ணை டி-சர்ட்டில் அச்சிட்டார்கள், பாட்டாகப் பாடினார்கள். அதன் இலக்கங்களை நிறங்களாக மாற்றி ஒரு கொடியும் வரைந்தார்கள். அதற்குப் பேச்சுரிமைக் கொடி என்று பெயர் வைத்தார்கள். சில நிறப் பட்டைகளைப் பார்ப்பதும் குற்றமா என்று அந்தக் கொடி கேட்டது.

இந்தக் கேள்வியை விளையாட்டு என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஓர் எண்ணைச் சொல்வதற்கே சட்டம் தடை போட முடியுமென்றால், அந்தத் தடை எங்கே போய் நிற்கும் என்பதை நாம் கேட்டே ஆக வேண்டும்.

எண் யாருடைய படைப்பு?

முதலில் நேரான கேள்வி. ஒரு சாவி பதிப்புரிமைக்கு உட்பட்ட படைப்பா? அமெரிக்கச் சட்டத்தில் இதற்கான விடை 1991-லேயே ஏறக்குறைய முடிவாகிவிட்டது. கன்சாஸ் மாநிலத்தின் ஊரகத் தொலைபேசி நிறுவனம் ஒன்று, தன் டைரக்டரியிலிருந்த பெயர்களையும் எண்களையும் ஃபைஸ்ட் என்ற பதிப்பகம் எடுத்தாண்டதாக வழக்குப் போட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் பதிப்பகத்தின் பக்கம் நின்றது. தகவல்கள் யாருக்கும் சொந்தமில்லை. பாடுபட்டுத் திரட்டினேன் என்பது மட்டும் போதாது. சிறிதளவேனும் படைப்பாற்றல் இருந்தால்தான் பதிப்புரிமை பிறக்கும் என்றது தீர்ப்பு.

இந்த அளவுகோலைச் சாவிமேல் வைத்துப் பாருங்கள். நல்ல மறையாக்கச் சாவிக்கு இருக்க வேண்டிய முதல் தகுதி, அதில் எந்த மனித மனத்தின் தடமும் இருக்கக் கூடாது என்பதுதான். பிறந்த தேதியை, பிடித்த பெயரை, அழகான வரிசையைத் தேர்ந்தால் அது கெட்ட சாவி, ஊகித்துவிடுவார்கள். குருட்டுத்தனமாக, இயந்திரம் உருட்டிப்போட்ட எண்ணாக இருந்தால்தான் அது பாதுகாப்பானது. பதிப்புரிமை கேட்பதோ மனிதப் படைப்பாற்றலை. ஆக, ஒரு சாவி எவ்வளவு நல்ல சாவியோ அவ்வளவுக்குப் பதிப்புரிமையிலிருந்து விலகிப் போகிறது. இதைத் தாண்டி வர எந்த வக்கீலுக்கும் வழியில்லை என்பது என் துணிபு.

ஏஏசிஎஸ் தரப்பு வக்கீல்களுக்கும் இது தெரிந்திருந்தது. அவர்கள் நோட்டீஸில் அந்த எண்ணுக்குப் பதிப்புரிமை கோரவில்லை. அது பூட்டை உடைக்கும் கருவி, கருவியை விநியோகிப்பது குற்றம் என்றார்கள். இந்த இடத்தில்தான் பதிப்புரிமைச் சட்டத்தின் கூரைக்குள் குடியேறிய இன்னொரு சட்டம் வருகிறது.

1998 அக்டோபரில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட டிஜிட்டல் மில்லெனியம் பதிப்புரிமைச் சட்டத்தை டி.எம்.சி.ஏ. என்பார்கள். அதன் 1201-ஆம் பிரிவு மூன்று செயல்களைத் தடுக்கிறது. படைப்பை அணுகுவதைத் தடுக்கும் டிஜிட்டல் பூட்டை உடைக்கக் கூடாது. அணுகலைத் தடுக்கும் பூட்டை உடைக்கப் பயன்படும் கருவியைப் பிறருக்கு வழங்கக் கூடாது. நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டுக்கான கருவிக்கும் அதே கதி. கருவி என்பதில் தொழில்நுட்பம், பொருள், சேவை, சாதனம், உறுப்பு, உறுப்பின் பகுதி எல்லாமே அடங்கும் என்று சட்டம் வலையை அகல விரித்திருக்கிறது. 128 பிட் எண் இதில் எந்தக் கண்ணியில் மாட்டும்? உறுப்பின் பகுதி என்றது நிறுவனத் தரப்பு. அதே பிரிவின் உட்பிரிவு ஒன்று, இதிலுள்ள எதுவும் பேச்சுரிமையையோ பத்திரிகை உரிமையையோ கூட்டவும் குறைக்கவும் செய்யாது என்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கே இந்த ஆபத்து தெரிந்திருந்தது என்பதற்கு அந்த ஒரு வரி சாட்சி.

நார்வே பையனும் நியூயார்க் நீதிபதியும்

இந்தப் பிரிவை நீதிமன்றம் உரசிப் பார்த்த பெரிய வழக்குகளில் ஒன்று டிவிடி விவகாரத்தில் வந்தது. 1999 இலையுதிர்காலத்தில் டிவிடி பூட்டைத் திறக்கும் டிசிஎஸ்எஸ் என்ற சிறு நிரல் இணையத்தில் வந்தது. அதை வெளியிட்டவர்களில் ஒருவரான நார்வேயின் ஜான் லெக் ஜோஹான்சனுக்கு அப்போது 15 வயது. டிவிடிகளின் பூட்டு வெறும் 40 பிட் சாவியில் நின்றது. அந்தக் காலத்தில் லினக்ஸ் கணினிக்கு உரிமம் பெற்ற டிவிடி பிளேயர் கிடையாது. காசு கொடுத்து வாங்கிய வட்டைச் சொந்தக் கணினியில் பார்க்க முடியாமல் இருந்தவர்களுக்கு இந்த நிரல் வழி திறந்தது. படங்களைத் திருட்டுத்தனமாக நகலெடுப்பவர்களுக்கும் திறந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் எட்டும் சேர்ந்து ‘2600’ என்ற ஹேக்கர் இதழின் ஆசிரியர் எரிக் கார்லி மீது நியூயார்க்கில் வழக்குப் போட்டன. அவர் நிரலை எழுதியவர் இல்லை. செய்தியோடு சேர்த்து வெளியிட்டவர். 2000 ஆகஸ்டில் நீதிபதி லூயிஸ் கப்லான் ஸ்டுடியோக்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். நிரலை வெளியிடக் கூடாது; நிரல் இருக்கும் இடங்களுக்கு இணைப்பும் கொடுக்கக் கூடாது. அடுத்த ஆண்டு நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நிரலும் பேச்சுதான் என்று அது ஒப்புக்கொண்டது. ஆனால், அந்தப் பேச்சு கணினியில் இட்டவுடன் ஒரு வேலையைச் செய்கிறது. சட்டம் கட்டுப்படுத்துவது அதன் கருத்தையல்ல, அந்த வேலையை என்றது.

இந்த வாதத்தில் வலு இருக்கிறது. சொடுக்கினால் பூட்டு திறக்கும் நிரலும், பூட்டு எப்படித் திறக்கும் என்ற விளக்கமும் ஒன்றல்ல என்பது சாதாரண அறிவுக்கே எட்டுகிறது. சிக்கல் எல்லையில் இருக்கிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் டூரெட்ஸ்கி அந்த வழக்கில் சாட்சி சொன்னார். அதே வழிமுறையை நிரலாக, வேறு மொழி நிரலாக, சாதாரண ஆங்கில உரைநடையாக எழுதி ஒரு காட்சித் தொகுப்பே வைத்தார். இவற்றில் எது குற்றம், எது பேச்சு, கோடு எங்கே என்று அந்தத் தொகுப்பு கேட்டது. ஹைக்கூ வடிவில் ஒருவர் முழு வழிமுறையையும் எழுதினார். 2001-இல் ஃபில் கார்மோடி என்பவர் 1,401 இலக்கங்கள் கொண்ட ஒரு பகா எண்ணைக் கண்டுபிடித்தார். அந்த எண்ணை இருமத்தில் எழுதி, சுருக்கத்தை விரித்தால் டிசிஎஸ்எஸ் நிரல் வந்து நிற்கும். பகா எண் இயற்கையின் உண்மை. அதையும் தடைசெய்ய முடியுமா?

கலிஃபோர்னியாவில் வேறொரு வழியில் போனார்கள். வணிக ரகசியம் பறிபோனது என்று டிவிடி உரிமக் கூட்டமைப்பு வழக்குப் போட்டது. பல ஆண்டுகள் மேலும் கீழும் போய்வந்து, 2004 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையாணையை ரத்து செய்தது. ஊரறிந்துவிட்ட ஒன்று இனி ரகசியமில்லை. ரகசியமில்லாததை வெளியிட்டதற்குத் தடை போட முடியாது. எனக்கு இந்தத் தீர்ப்பே நியாயத்தோடு அதிகம் ஒட்டுவதாகத் தெரிகிறது. ரகசியத்தைக் காப்பது அதை வைத்திருப்பவரின் பொறுப்பு. நார்வேயில் ஜோஹான்சன் மீதும் வழக்கு நடந்தது; ஓஸ்லோ நீதிமன்றம் 2003-இல் அவரை விடுவித்தது. மேல்முறையீட்டிலும் அதே ஆண்டு டிசம்பரில் விடுதலைதான். தன் வட்டைத் தான் பார்ப்பது குற்றமில்லை என்பதே அங்கே அடிப்படை.

கால்குலேட்டருக்கு எதற்கு வழக்கு?

இந்த வரலாற்றில் நான் மிக முக்கியமாகக் கருதும் சம்பவம் சினிமாவைச் சார்ந்ததே இல்லை. அது பள்ளிக்கூடக் கால்குலேட்டரில் நடந்தது.

டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஐ-83 பிளஸ் வரைபடக் கால்குலேட்டர் அமெரிக்க மாணவர்களின் கையில் ஒரு தலைமுறையாகப் புழங்கியது. அதற்குள் இருக்கும் சிறு கணினியில் தங்கள் சொந்த இயக்க அமைப்பை ஏற்றிப் பார்க்க ஆர்வலர்களுக்கு ஆசை. கால்குலேட்டரோ நிறுவனத்தின் மின்கையொப்பம் இல்லாத எதையும் ஏற்காது. கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொது எண் ஒவ்வொரு கால்குலேட்டருக்குள்ளும் வெளிப்படையாகவே இருந்தது. 512 பிட் ஆர்எஸ்ஏ எண். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வந்தது. அந்த இரண்டையும் கண்டுபிடித்துவிட்டால் நிறுவனத்தின் ரகசியச் சாவி கைக்கு வந்துவிடும்.

512 பிட் எண்ணைக் காரணிப்படுத்த முடியும் என்பதை ஆராய்ச்சியாளர்கள் 1999-லேயே செய்து காட்டியிருந்தார்கள். பத்தாண்டு கழித்து, 2009 கோடையில், ஓர் ஆர்வலர் தன் வீட்டுக் கணினியை இரண்டு மாதத்துக்கும் மேலாக ஓடவிட்டு அந்த எண்ணை உடைத்தார். மற்ற மாடல்களின் சாவிகளைப் பலர் சேர்ந்து தங்கள் கணினிகளைப் பகிர்ந்து உடைத்தார்கள். இங்கே எதுவும் திருடப்படவில்லை, எந்த ஊழியரும் எதையும் கசியவிடவில்லை, யாருடைய கணினிக்குள்ளும் யாரும் நுழையவில்லை. நடந்தது வகுத்தல் கணக்கு.

நிறுவனம் டி.எம்.சி.ஏ. பேரில் நோட்டீஸ் அனுப்பியது. சாவியை வெளியிட்டவர்களும், அதைப் பற்றி எழுதியவர்களும் பயந்து நீக்கினார்கள். மின்னணு எல்லை அறக்கட்டளை என்ற உரிமை அமைப்பின் வக்கீல்கள் அக்டோபரில் பதில் நோட்டீஸ் அனுப்பினார்கள். இங்கே காக்கப்படும் படைப்பு எது? கால்குலேட்டர் நிரலை யாரும் நகலெடுக்கவில்லை. சொந்தமாக எழுதியதை, சொந்தக் காசில் வாங்கிய கருவியில் ஏற்றினார்கள். பதிப்புரிமை மீறலே இல்லாத இடத்தில் பதிப்புரிமைச் சட்டம் எப்படி வந்தது? நிறுவனத்திடமிருந்து வழக்கு வரவில்லை. சாவிகள் திரும்ப ஏறின.

வாதம் எப்போதுமே படத்தைக் காப்பாற்ற, பாட்டைக் காப்பாற்ற என்றுதான் தொடங்குகிறது. கொஞ்ச காலத்தில் நம் பைக்குள் இருக்கும் கருவியின் மீது தயாரித்தவரின் ஆட்சியைக் காப்பாற்றும் ஆயுதமாக மாறிவிடுகிறது. படைப்பாளியின் வயிற்றுக்காக எழுதிய சட்டத்தை அதற்குப் பயன்படுத்துவது அநியாயம்.

சோனி சேகரித்த முகவரிகள்

2010 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் ஒரு குழு மேடையேறியது. பிளேஸ்டேஷன் 3-இன் மின்கையொப்பத்தில் ஒவ்வொரு முறையும் புதிதாக மாற வேண்டிய ஒரு தற்செயல் எண்ணைச் சோனி மாற்றாமல் விட்டிருந்ததை அந்தக் குழு விளக்கியது. இரண்டு கையொப்பங்களை அருகருகே வைத்து உயர்நிலைப் பள்ளி இயற்கணிதம் போட்டால் ரகசியச் சாவி வந்துவிடும். சில நாளில் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற இளைஞர் அந்தக் கருவியின் மூலச் சாவியை வெளியிட்டார். 2011 ஜனவரியில் சோனி வழக்குப் போட்டது. அந்த மாதமே சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் தற்காலிகத் தடையாணையும் வாங்கியது.

வழக்கு போன போக்குதான் கவலைக்குரியது. ஹாட்ஸின் தளத்தைப் பார்வையிட்டவர்களின் இணைய முகவரிகளைக் கேட்டுப் பெறச் சோனிக்கு நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. ஓர் எண்ணை எழுதியவரைத் தாண்டி, அதைப் படித்தவர்கள் வரை விசாரணையின் கை நீண்டது. இந்தக் களேபரத்துக்கு நடுவே, சோனியின் சொந்த விளம்பர ட்விட்டர் கணக்கே, என்னவென்று தெரியாமல், யாரோ அனுப்பிய அந்தச் சாவியை மறுபகிர்வு செய்துவிட்டது. கடைசியில் மார்ச் 31 அன்று சமரசம் ஆனது. ஹாட்ஸ் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. இனி சோனி கருவிகளின் பூட்டைத் தொடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார். ஆகவே, வெறும் சாவியை வெளியிடுவது குற்றமா என்று அங்கேயும் தீர்ப்பு எழுதப்படவில்லை.

ஏஏசிஎஸ் விஷயமும் தீர்ப்பு வரை போகாமல் நோட்டீஸோடு நின்றது. சாவிக்கு நெருங்கிய உறவான கடவுச்சொல் தொடர்பான வழக்குகளில் அமெரிக்க நீதிமன்றங்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. பிறருக்குத் தந்த சரியான கடவுச்சொல்லைப் பயன்படுத்துவது பூட்டை உடைப்பதாகாது என்றது 2004-இல் நியூயார்க்கில் ஒரு தீர்ப்பு. ஆகலாம் என்றது 2010-இல் கலிஃபோர்னியாவில் இன்னொன்று. 1201-ஆம் பிரிவே பேச்சுரிமைக்கு விரோதமானது என்று மறையாக்க ஆய்வாளர் மேத்யூ கிரீனும் பொறியாளர் ஆண்ட்ரூ ஹுவாங்கும் 2016-இல் தொடுத்த வழக்கை, பிரிவை முழுதாகச் செல்லாததாக்க முடியாது என்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது.

தீர்ப்பில்லாத இந்த நிலை யாருக்குச் சாதகம்? நோட்டீஸ் அனுப்ப வசதி உள்ளவருக்கு. டச்சு மறையாக்க வல்லுநர் நீல்ஸ் ஃபெர்குசன் 2001-இல் தான் கண்டதை வெளியிடாமலே இருந்துவிட்டார். திரைக்கும் பிளேயருக்கும் இடையிலான வீடியோவைக் காக்கும் இன்டெலின் எச்டிசிபி பூட்டில் பெரிய ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்திருந்தார். அமெரிக்கா போனால் கைதாக நேரிடும் என்ற பயம் அவரைத் தடுத்தது. அந்தப் பயம் கற்பனையில்லை. அதே ஆண்டு ஜூலையில் மின்னூல் பூட்டைத் திறக்கும் நிரலுக்காக ரஷ்ய நிரலாளர் திமித்ரி ஸ்க்லியாரோவை லாஸ் வேகாஸில் கைது செய்திருந்தார்கள். ஃபெர்குசன் வாயைக் கட்டியதால் எச்டிசிபி பிழைத்ததா? 2010 செப்டம்பரில் அதன் மூலச் சாவி முழுவதும் வெளியே வந்தது. அது உண்மையான சாவிதான் என்று இன்டெலே உறுதிசெய்தது.

யாருடைய சாவி?

இதற்காக, எந்தச் சாவியையும் யாரும் அச்சிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு மனிதரின் வங்கிக் கணக்கை, மருத்துவப் பதிவை, அந்தரங்கக் கடிதத்தைத் திறக்கும் சாவியை ஒருவர் வெளியிட்டால் நானே முதல் ஆளாகத் தண்டனை கேட்பேன். அங்கே நேரடியாக ஒரு மனிதருக்குச் சேதம். அதற்கு அந்தரங்க உரிமைச் சட்டமும் கணினிக் குற்றச் சட்டமும் இருக்கின்றன. பதிப்புரிமைக்கு அங்கே வேலையில்லை.

சந்தையில் விற்கப்பட்ட லட்சக்கணக்கான கருவிகளுக்குப் பொதுவான சாவியின் கதை வேறு. அது கசிந்துவிட்டால் அந்தச் செய்தி பொதுமக்களுக்குத் தெரிந்தாக வேண்டும். 2023-இல் தைவானின் எம்எஸ்ஐ நிறுவனத்திடமிருந்து திருடப்பட்ட கோப்புகளில், கணினியின் அடிப்படை நிரலுக்குக் கையொப்பமிடும் சாவிகளும் இருந்தன. எந்தெந்தச் சாவி, எந்தெந்த மாடல் என்று ஆய்வாளர்கள் வெளிப்படையாக எழுதியதால்தான் வாங்கியவர்களுக்குத் தங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறதா என்று தெரிந்தது. திருடியவனிடம் சாவி ஏற்கெனவே இருக்கிறது. தடையால் இருட்டில் வைக்கப்படுவது பாதிக்கப்பட்டவர் மட்டும்தான்.

எச்டி டிவிடியின் முடிவையும் சொல்லிவிடலாம். நிறுவனங்கள் பழைய சாவியைச் செல்லாததாக்கிப் புதியது கொண்டுவந்தன. சில வாரங்களில் அதுவும் திறந்தது. 2008 பிப்ரவரியில் தோஷிபா அந்த வட்டையே கைவிட்டது. அதை வீழ்த்தியது ப்ளூ-ரேயுடனான சந்தைப் போட்டி. இந்த 32 குறிகளால் அது சாகவில்லை.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் 65ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. டிஜிட்டல் பூட்டை உடைத்தால் இரண்டாண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. ஆனால், உரிமையை மீறும் நோக்கத்துடன் உடைத்தால்தான் அது குற்றம். சட்டம் தடை செய்யாத ஒரு காரியத்துக்காகப் பூட்டைத் திறப்பதையும், மறையாக்க ஆராய்ச்சியையும், உரிமையாளரின் அனுமதியோடு செய்யும் பாதுகாப்புச் சோதனையையும் அது வெளிப்படையாக விலக்குகிறது. கருவி விநியோகத்துக்கு அமெரிக்காவில் இருப்பது போன்ற தனித் தடை இங்கே இல்லை. நம் உச்ச நீதிமன்றமும் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில், உழைப்பு மட்டும் போதாது, குறைந்தபட்சப் படைப்பாற்றலாவது வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஆகவே ஒரு சாவி எண்ணுக்கு இங்கே பதிப்புரிமை கிடையாது. மீறும் நோக்கமில்லாமல் அதைப் பற்றி எழுதும் ஆய்வாளரையோ செய்தியாளரையோ 65ஏ தொடாது என்றே நான் படிக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் டெல்லியில் எழுதிய சட்டம் வாஷிங்டனில் எழுதியதைவிட விவேகமானது.

அந்த விவேகம் தானாக நிலைக்காது. சிங்கப்பூரும் ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவோடு வணிக ஒப்பந்தம் போட்டபோது, டி.எம்.சி.ஏ. பாணியிலான பூட்டுப் பாதுகாப்பு விதிகளும் சேர்ந்தே வந்தன. அறிவுசார் சொத்து விஷயத்தில் அமெரிக்காவின் முன்னுரிமைக் கண்காணிப்புப் பட்டியலில் இந்தியா பல ஆண்டுகளாக இருக்கிறது. நாளை ஏதேனும் ஒரு பேச்சுவார்த்தை மேசையில் 65ஏ-வைத் திருத்தச் சொல்லிக் கேட்டால், ‘மீறும் நோக்கத்துடன்’ என்ற சொற்களையும் ஆராய்ச்சிக்கான விலக்குகளையும் நம் பிரதிநிதிகள் விட்டுத்தரக் கூடாது. இந்த உறுதியை அவர்களிடம் கேட்டுப் பெற வேண்டியவர்கள் நம் கல்லூரிகளில் மறையாக்கம் கற்பிக்கும் ஆசிரியர்களும், வழக்கறிஞர்களும், பத்திரிகைக்காரர்களும், சொந்தக் காசில் கருவி வாங்கும் நாம் எல்லோரும்தான்.